கை கூப்பினால் கணக்கில் வராத நடை

ஓம் சரவணபவ.

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வச்சுக்கிட்டு பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் செய்த ஒரு தப்பைப் பற்றியும், அதைத் திருத்தப் போய்க் கற்றுக்கொண்டதைப் பற்றியும் எழுதுகிறோம். கையில் நடைக் கணக்கு காட்டும் கடிகாரமோ பட்டையோ கட்டியிருக்கிற எல்லாரும் கட்டாயம் படிக்கணும்.

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் ஆரம்பித்த அன்று நம்ம புலனக் குழுவில் ஒரு போட்டி அறிவித்தோம், ஞாபகம் இருக்கும். தினமும் இரவு 9 மணிக்கு அவரவர் கடிகாரத்தில் காட்டும் நடை எண்ணிக்கையைப் படம் எடுத்துப் போடணும். வாரா வாரம் வரிசைப் பட்டியல். கடைசியில் முதல் இடத்துக்கு ஒரு குத்துவிளக்கு. எண்ணம் நல்ல எண்ணம்தான். போன வருஷம் பால்குடம் எடுத்து வரும்போது பாதி வழியில் கால் பிடித்து உட்கார்ந்தவர்கள் நிறைய பேர். ரெண்டு பேர் மயங்கியே விழுந்தாங்க. வருஷம் முழுக்க நடக்காமல் இருந்துட்டு ஒரே நாளில் வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் உடம்பு எப்படித் தாங்கும்?

அதோட நம்ம ஆளுங்களுக்கு இனிப்பு நீர் எவ்வளவு பேருக்கு இருக்குன்னு சொல்லத் தேவையில்லை. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். நம்ம அன்னதான வரிசையில் நின்று எண்ணினால் இன்னும் கூடத்தான் வரும் என்று எங்களுக்குத் தோணுது.

போட்டி யோசனை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றால், பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான். சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுக்க இப்படி ஒரு நடைப் போட்டி நடத்துது. நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பற்றுச்சீட்டு. நம்ம பிள்ளைகள் நிறைய பேர் தினமும் அந்தப் பக்கம் போய் வேலை செய்து வருகிறவர்கள். அவங்கதான் "அங்கே ஆளாளுக்கு நடக்கிறாங்கண்ணே, நம்ம கோயில்லயும் செய்யலாமே"ன்னு சொன்னாங்க. சரின்னு இறங்கிட்டோம்.

முதல் வாரம் நல்லா போச்சு. ரெண்டாவது வாரப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

முதல் இடத்தில் உருமி அடிக்கும் தம்பி. அவன் நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்து கோயில் வாசலில் இறங்குவான், உட்கார்ந்து பயிற்சி எடுப்பான், ஏறிப் போயிடுவான். ரெண்டாவது இடத்தில் மடப்பள்ளியில் தேங்காய் துருவி, அண்டாவில் கரண்டி போட்டுக் கிண்டும் அண்ணன். கடைசி இடத்தில் யார் தெரியுமா? விடிகாலை நடை திறக்கும்போதே வாசலில் நிற்கும் நம்ம பாட்டிம்மா. எழுபதைத் தாண்டிய மனுஷி. தினமும் பிராகாரத்தை 9 சுற்று கை கூப்பிச் சுற்றி, அதுக்கப்புறம் 3 சுற்று அடிப்பிரதட்சணமும் செய்கிறவங்க. அன்றைக்கு அவங்க பட்டையில் இருந்த கணக்கு 412.

எங்களில் ஒருவர் விளையாட்டா, "பாட்டி, நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து நடங்க"ன்னு குழுவில் போட்டுட்டார். ஒரு சிரிப்புப் படமும் சேர்த்து. நாங்களும் சிரிச்சோம்.

மறுநாள் பாட்டி வரல. அதற்கு அடுத்த நாளும் வரல. மூணாவது நாள் வீட்டுக்குப் போனோம். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. பேரன் ஆசையாக வாங்கிக் கொடுத்த அந்தப் பட்டையைக் கழற்றி சாமி மாடத்துக்குக் கீழே வச்சிருந்தாங்க. "நான் நடக்கிறது நடையில சேராதாம்ப்பா. மிஷினு சொல்லுது. இத்தனை நாளா நான் சுத்துனது என்ன கணக்குன்னு எனக்கே தெரியல"ன்னு சொன்னாங்க.

அந்த வார்த்தையைக் கேட்டுட்டு நாங்கள் எப்படித் திரும்பி வந்தோம்னு எங்களுக்குத்தான் தெரியும். ஒரு மனுஷிக்கு மருந்தாகவும் வழிபாடாகவும் இருந்த நடையை நாங்கள் போட்ட ஒரு பட்டியல் நிறுத்திடுச்சு.

எங்களில் பாதிப் பேர் பாசிர் கூடாங் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள். அங்கே எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. சாமானை அளக்கும் முன்னாடி அளக்கிற கருவியைச் சோதிக்கணும். அளவு கருவியை அளவு தெரிந்த கட்டையில் வைத்துப் பார்க்கணும், சரியாக இருந்தால்தான் தேதி போட்ட ஒட்டி ஒட்டுவாங்க. ஒட்டி இல்லாத கருவியை லைனில் தொடவே கூடாது. ஏனென்றால் கருவி பொய் சொன்னால் ரெண்டு விதமான நஷ்டம். நல்ல சாமான் ரிஜெக்ட் ஆகும். கெட்ட சாமான் பாஸ் ஆகும். தினமும் தொழிற்சாலையில் இதைச் செய்கிற நாங்கள் கோயிலில் ஒரு கருவியையும் சோதிக்காமல் மனுஷங்களை வரிசைப்படுத்திட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்ததும் நாங்கள் ஐந்து பேர் நாலு விதமான கடிகாரங்களோடு பிராகாரத்தில் இறங்கினோம். அன்னதான வரிசையில் ஆள் எண்ணுவதற்கு விரலால் அமுக்கும் எண்ணும் கருவி வச்சிருக்கோம் இல்லையா, அதுதான் எங்க அளவு கட்டை. ஒருவர் நடக்க, இன்னொருவர் பின்னாடியே அவர் காலைப் பார்த்து அமுக்கிக்கொண்டே வந்தார். சந்தேகம் வந்தால் திரும்ப நடந்தோம்.

முதலில் கையை வீசி சாதாரணமாக ஐந்து சுற்று. எண்ணும் கருவியில் 480. கடிகாரங்களில் 471லிருந்து 486 வரைக்கும். ஆச்சரியமாக இருந்தது. நல்லாத்தான் எண்ணுது.

அடுத்து அதே ஐந்து சுற்று, நெஞ்சுக்கு நேரே கை கூப்பிக்கொண்டு, நிதானமாக. காலடி மறுபடி 480 வந்த இடத்தில் நிறுத்தினோம். ஒரு கடிகாரம் 455 காட்டியது. இன்னொன்று 262.

மூன்றாவது, அன்னதானச் சோற்றுப் பாத்திரம் ஏற்றின தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு 200 அடி. ஒரு கடிகாரத்தில் வெறும் 31.

நான்காவது அடிப்பிரதட்சணம். ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து, கை கூப்பி ஒரு சுற்று. காலடி 250க்கு மேல். ரெண்டு கடிகாரங்களில் ஒன்றுமே ஏறல. பூஜ்யம். அதிகமாகக் காட்டினதே 38தான்.

கடைசியில் உருமித் தம்பியை உட்கார வைத்து பத்து நிமிஷம் அடிக்கச் சொன்னோம். 640 காலடி நடந்ததாகக் காட்டியது. பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. அவனே சிரிச்சுட்டான். "அண்ணே, எனக்கு இது தெரியும்ணே. குத்துவிளக்கு அம்மாவுக்குக் கொடுக்கலாம்னு பேசாம இருந்துட்டேன்"ன்னான். அவனைத் திட்ட மனசு வரல.

இது எங்க கோயில் பிராகாரத்தில் செய்த சின்னச் சோதனை. ஆராய்ச்சின்னு சொல்ல மாட்டோம். உங்க கடிகாரத்தில் வேற எண் வரலாம். ஆனால் விஷயம் புரிஞ்சுபோச்சு. கையில் கட்டிய கருவி காலைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்க்குது.

இதை இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ளப் படித்துப் பார்த்தோம், விவரம் தெரிந்த பிள்ளைகளிடமும் கேட்டோம். எங்களுக்குப் புரிந்த மாதிரி சொல்கிறோம்.

கடிகாரத்துக்குள்ளே அரிசி மணி அளவுக்கு ஒரு சில்லு இருக்குது. அதுக்குள்ளே கண்ணுக்கே தெரியாத அளவில் ஒரு சின்னப் பாரம், தூளி மாதிரி மெல்லிய கம்பிகளில் தொங்குது. கை அசைந்தால் அந்தத் தூளி ஆடும். அது ஆடுகிற ஆட்டம் மின்சார அளவாக மாறும். மேல் கீழ், இடது வலது, முன் பின் என்று மூன்று திசையிலும், ஒரு வினாடியில் பல தடவை அளந்துகொண்டே இருக்கும். நாம் நடக்கும்போது கை வீசுவதாலும் உடம்பு ஏறி இறங்குவதாலும் அந்த அளவு அலை மாதிரி ஒழுங்காக ஏறி இறங்கும். கடிகாரத்தில் உள்ள நிரல் அந்த அலைகளைத்தான் காலடி என்று எண்ணுது.

ஆனால் பஸ் குலுங்கினாலும் அலை வரும், பல் தேய்த்தாலும் அலை வரும். அதனால் கருவி செய்கிறவர்கள் ஒரு சல்லடை வைக்கிறாங்க. அலை ரொம்பச் சின்னதாக இருந்தால் விட்டுவிடு. ஒழுங்கில்லாமல் வந்தால் விட்டுவிடு. பல கருவிகளில், தொடர்ந்து சில அடிகள் வந்தால்தான் நடை என்று எடுத்துக்கொள்ளும். நாலு அடி வைத்து நின்றால் கணக்கில் சேர்க்காது. அந்தச் சல்லடைதான் எல்லாத்துக்கும் காரணம். கண்ணை நெருக்கினால் மெதுவாக நடக்கும் பாட்டியின் காலடி சிக்காது. கண்ணை அகலமாக்கினால் உருமி அடியும் நடையாக விழும். ரெண்டையும் சரியாகப் பிரிக்கிற சல்லடை இன்னும் வரல.

கம்பு ஊன்றி நடப்பவர்கள், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள், பால்குடத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள், காவடித் தண்டைப் பிடித்திருப்பவர்கள், குழந்தையை இடுப்பில் தூக்கி வருபவர்கள் எல்லாருக்கும் கணக்கு குறையத்தான் செய்யும். பாருங்க, கோயிலுக்கு வந்தால் நாம் செய்கிற எல்லாமே கையைக் கட்டிப்போடுகிற காரியம்தான். கடையில் கை வீசி நடக்கும்போது சரியாக எண்ணுகிற கருவி சந்நிதியில் வந்து தடுமாறுது.

2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 14 பேரை நடைப் பொறியில் 500 அடி, 1500 அடி என்று நடக்க வைத்து, ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தாங்க. இடுப்பில் மாட்டும் கருவிகள் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டுக்குள் சரியாக எண்ணின. கையில் கட்டும் பட்டைகளில் ஒன்று 22.7 விழுக்காடு குறைத்துக் காட்டியது. அத்தனை பேரும் ஆரோக்கியமானவர்கள், நல்ல வேகத்தில் நடந்தவர்கள். அவங்களுக்கே இப்படின்னா முழங்கால் வலியோடு நடக்கும் நம்ம பாட்டிக்கு? அதுக்கப்புறம் கருவிகள் நிறையவே முன்னேறி இருக்குது. ஆனால் கை அசையாவிட்டால் கணக்கு தடுமாறும் என்ற அடிப்படை மாறவில்லை. எங்க பிராகாரத்திலேயே பார்த்துட்டோமே.

இதுவரை சொன்னது நல்ல சாமான் ரிஜெக்ட் ஆன கதை. இன்னொன்று இருக்குது. கெட்ட சாமான் பாஸ் ஆன கதை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது.

மடப்பள்ளி அண்ணன் ரெண்டாவது இடம் என்று சொன்னோமே, அவருக்கு இனிப்பு நீர் வந்து பத்து வருஷம் ஆகுது. கிளினிக்கில் டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கார். கடிகாரம் 9,000, 10,000 என்று காட்டினதும் அண்ணன் சாயங்கால நடையை நிறுத்திட்டார். "அதான் கணக்கு ஏறிடுச்சே"ன்னு சொல்லுவார். கடிகாரம் இத்தனை கலோரி எரிந்தது என்றும் காட்டும். அதைப் பார்த்து, "இவ்வளவு எரிஞ்சிருக்கு, இன்னொரு கரண்டி கேசரி போட்டா ஒன்னும் ஆகாது"ன்னு போட்டுக்குவார். நாங்களும்தான் போட்டோம். அவர் ஒரு நாளில் உண்மையிலேயே நடந்தது மடப்பள்ளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே மட்டும். மற்றதெல்லாம் தேங்காய் துருவின கணக்கு. அடுத்த தடவை கிளினிக் போனபோது மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிட்டார்.

கலோரிக் கணக்கைப் பற்றி ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2017இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேரை வைத்து, கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தாங்க. நெஞ்சுத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் நல்லாவே காட்டின. ஆனால் எரிந்த கலோரியை ஒன்றுகூட சரியாகக் காட்டல. இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 விழுக்காடு தவறு. மோசமான கருவி 93 விழுக்காடு தவறு. அதனால் கடிகாரத்தில் கலோரி எண்ணைப் பார்த்துவிட்டு பிரசாதத் தட்டை நீட்டாதீங்க. பிரசாதம் ஒரு கரண்டி போதும். முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

இன்னொரு கேள்வி. இந்த 10,000 என்ற கணக்கை யார் வைத்தது? ஏதோ வைத்தியர்கள் கூடி முடிவு செய்தது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. 1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த வருஷம் 1965இல் ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டும் நடைக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயர் 'மான்போ கெய்'. மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் காலடி, கெய் என்றால் அளவு கருவி. கருவிக்கு வைத்த பெயர்தான் உலகம் முழுக்க விதி மாதிரி பரவிடுச்சு.

2019இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையைக் கணக்கெடுத்தது. இவங்க இடுப்பில் கருவி மாட்டியிருந்தாங்க. ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரணம் கணிசமாகக் குறைவு. அதுக்கு மேலே நடக்க நடக்க இன்னும் குறைந்தது. ஆனால் 7,500 அடியோடு அந்தப் பலன் நின்றுவிட்டது. ஆக, பெரியவங்க யாரும் 10,000 வரலயேன்னு மனசு உடைய வேண்டாம். நேற்றைவிட இன்று கொஞ்சம் கூட நடந்தாலே அது வரவுதான். உலகச் சுகாதார நிறுவனமும் காலடிக் கணக்கு எதுவும் சொல்லல. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில் உடம்பை அசைக்கச் சொல்லுது. நிமிஷத்தை எண்ண சாதாரண சுவர்க் கடிகாரமே போதும்.

அப்ப கடிகாரத்தைத் தூக்கிப் போடணுமா? வேண்டாம். தொழிற்சாலையில் ஒரு கருவி எப்பவும் ரெண்டு மில்லி கூடக் காட்டுதுன்னு தெரிஞ்சா, அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டும் வேலை செய்யலாம். தெரியாமல் நம்புவதுதான் ஆபத்து. அதனால் நாங்கள் சொல்வது இதுதான்:

முதலில் உங்க கடிகாரத்தை நீங்களே சோதியுங்கள். எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாய்க்குள் எண்ணிக்கொண்டு கை வீசி 200 அடி நடங்கள், நின்று மறுபடி பாருங்கள். அப்புறம் நீங்கள் வழக்கமாக நடக்கும் விதத்தில் இன்னொரு 200. கம்பு பிடிப்பவர் கம்போடு, கை கூப்புபவர் கை கூப்பி. எவ்வளவு குறையுது என்று எழுதி வையுங்கள்.

அதிகம் வேலை செய்யாத கையில் கட்டுங்கள். வலக்கைக்காரர் இடது கையில். எந்தக் கை என்று குறிப்பிடும் இடம் பல கடிகாரங்களின் அமைப்பில் இருக்குது, அதையும் சரியாகப் போடுங்கள். மேளம், சமையல், பஜனையில் கைதட்டல் என்றால் அந்த நேரம் கழற்றி வைத்துவிடுங்கள்.

கை அசையாத நடைக்கு, கைப்பேசியைச் சட்டைப் பையில் போடாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் அது கொஞ்சம் நல்லா எண்ணும். பத்து வெள்ளி, இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் இடுப்புக் கருவியும் சிலருக்குப் போதும். ஆனால் அடிப்பிரதட்சணம் மாதிரி மெதுவான நடையை எதுவும் சரியாக எண்ணாது. அதை நேரத்தால் எண்ணுங்கள்.

அடுத்தவர் எண்ணோடு உங்க எண்ணை ஒப்பிடாதீங்க. அவர் கடிகாரம் வேற, கை வேற, வேலை வேற. அதே கடிகாரத்தை அதே கையில் கட்டி, போன வாரத்து உங்க எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். கருவி எப்பவும் ஒரே மாதிரி தப்பு செய்தால், கூடுதா குறையுதா என்றாவது அது உண்மையைச் சொல்லும்.

கடிகார எண்ணைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடவே கூடாது. அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. இனிப்பு நீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடந்துவிட்டு வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் கண்ணாடி வைத்தாவது பாருங்கள். கால் மரத்துப் போனவர்களுக்குத் தார்ச்சாலை சுட்டது கூடத் தெரியாது. அந்தக் கொப்புளத்தை எந்தக் கடிகாரமும் எண்ணிக் காட்டாது.

பத்துமலைக்குப் போகும் நம்ம பஸ் கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. 272 படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினால் கடிகாரத்தில் குறைவாகத்தான் வரும். வரட்டும். கணக்குக்காகக் கைப்பிடியை விட்டுவிடாதீங்க. போன தடவை ஒரு தம்பி அப்படிச் செய்ததைக் கண்ணால் பார்த்தோம். 272 படி என்பது உலகத்துக்கே தெரியும், கடிகாரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாட்டிம்மா விஷயத்துக்கு வருகிறோம். சோதனை முடிந்த அன்று சாயங்காலமே எண்ணும் கருவியையும் நாங்கள் எழுதி வைத்த தாளையும் எடுத்துக்கொண்டு மறுபடி அவங்க வீட்டுக்குப் போனோம். மன்னிப்பு கேட்டோம். அவங்க வாசலிலேயே பத்து அடி அடிப்பிரதட்சணம் வைக்கச் சொல்லி, பட்டையைக் கட்டிவிட்டு, எண் மாறவில்லை என்று காட்டினோம். பாட்டி எங்களை ஒரு பார்வை பார்த்தாங்க. "அப்ப மிஷினுக்குத்தான் கண்ணு தெரியலயா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தாங்க. உள்ளே 12 புளியங்கொட்டை. ஒரு சுற்றுக்கு ஒன்று. வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒன்றை எடுத்து அந்தப் பக்கம் வைப்பாங்களாம். அவங்க அம்மா சொல்லிக் கொடுத்த கணக்காம். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து ஒரு நாளும் தப்பினதில்லையாம்.

எங்களுக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. 108 சுற்றுக்குப் பூ வைத்து எண்ணுவதும், தீக்குச்சி வைத்து எண்ணுவதும், ஜெபமாலை உருட்டுவதும் நம்ம வீட்டில் எப்பவும் இருந்த பழக்கம். பாட்டியின் கணக்கில் பிழை வர வழியே இல்லை. ஏனென்றால் எதை எண்ணணுமோ அதைத்தான் அவங்க எண்ணுறாங்க.

மறுநாள் பாட்டி வந்தாங்க. முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்குன்னு சொன்னாங்க. அந்த அஞ்சாறு நாள் நடக்காமல் இருந்ததாலா, வயசாலா என்று எங்களால் சொல்ல முடியல. இப்ப 9 சுற்றுக்குப் பதில் 6 சுற்றுதான் முடியுது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தச் சிரிப்புப் படம்தான் ஞாபகம் வருது.

வரிசைப் பட்டியலை நிறுத்திவிட்டோம். குத்துவிளக்கு இந்த வருஷம் யாருக்கும் கிடையாது, அதை விநாயகர் சந்நிதியில் வைத்தாச்சு. உருமித் தம்பிதான் முதல் திரி போட்டான். மடப்பள்ளி அண்ணன் இப்ப கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தேங்காய் துருவுகிறார். சாயங்காலம் ஆறரைக்கு எங்களோடு அரை மணி நேரம் நடக்கிறார். வராத நாளில் நாங்கள் போன் போட்டுக் கூப்பிடுகிறோம். அது எந்தக் கடிகாரத்தாலும் முடியாத வேலை.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் எண்ணும் கருவியோடு உட்கார்ந்திருப்போம். கடிகாரம் வைத்திருப்பவர்கள் கட்டிக்கொண்டு வாங்க, சேர்ந்து நடந்து சோதித்துப் பார்க்கலாம். எவ்வளவு குறையுது, எவ்வளவு கூடுது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறோம். வீட்டில் பெரியவங்க இருந்தால் கட்டாயம் கூட்டி வாங்க. கடிகாரம் இல்லாதவர்களும் வாங்க. புளியங்கொட்டை நிறைய இருக்குது.

யாராவது வயசானவங்க நடையைப் பார்த்து நாங்கள் சிரித்த மாதிரி நீங்களும் சிரித்திருந்தால், இன்றைக்கே போய் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசிட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.

இப்படிக்கு,
கோயில் தொண்டூழியர்கள், ஜொகூர்